ஒரே வினாத்தாள், அறுநூறு குறி

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். ஞாயிறு காலை ஏழு மணி. மெத்தைக் கடையின் மாடியிலிருக்கும் வாடகை மண்டபத்தில் ஆரம்பித்த வரிசை, படிக்கட்டில் இறங்கி, மருந்துக் கடையைத் தாண்டி, பல் டாக்டரைத் தாண்டி, நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையையும் தாண்டி, பேருந்து நிறுத்தத்தில் போய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம். ஒவ்வொருவர் முகத்திலும் பக்தி.

சும்மா ஏதாவது கொடுக்கிறார்களா என்றால் இல்லை. நின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்களா என்றால் அதுவும் இல்லை. ஒரு பட்டம் வாங்கியவர்கள், இரண்டு பட்டம் வாங்கியவர்கள், இயற்பியலில் முதல் வகுப்பு, புள்ளியியலில் தங்கப் பதக்கம். மூன்று தலைமுறையாகக் கைநாட்டு வைத்த வீடுகளில், அப்பா மூட்டை இறக்கி, அம்மா தையல் மெஷினை மிதித்துப் படிக்கவைத்த முதல் பிள்ளைகள். படிப்பை எடுத்து உபயோகிக்க வேண்டிய நேரம் வந்ததும், அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி டிக் அடிக்கிற ஓர் ஆளைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அந்த ஆளுக்குப் பெயர் நடப்புச் சித்தர்.

அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு மாதா மாதம் ஒரு புத்தகம் வரும். எந்த நாட்டில் யார் பிரதமரானார், எந்தப் பாலம் எவ்வளவு நீளம், எந்த விருதை யார் வாங்கினார், எந்தப் பட்டியலில் யாருக்கு எத்தனையாவது இடம் என்று வரிசை எண் போட்டு இருநூற்று எண்பத்தெட்டுச் செய்திகள் அதில் இருக்கும். தேர்வில் நடப்பு நிகழ்வுகளுக்கு இருபது கேள்வி. தேர்வுக்கு முந்தின மாதப் புத்தகத்துக்குள்தான் அந்த இருபதும் ஒளிந்திருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை ஏறக்குறைய சரிதான். எந்த இருபது என்பதுதான் சிக்கல். அதை அவிழ்க்கத்தான் சித்தர் அவதாரம் எடுத்திருந்தார்.

நீங்கள் உங்கள் புத்தகத்தைக் கொண்டுபோக வேண்டும். நடுப்பக்கத்தில் காணிக்கையை மடித்து வைக்க வேண்டும். சித்தர் கண்ணை மூடுவார். இடது கை பக்கம் புரட்டும். வலது கையிலிருக்கும் சிவப்புப் பேனா தானாகவே இறங்கி டிக் அடிக்கும். மொத்தம் இருபத்துநாலு டிக். அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் பேனா அசையாது. நடுப்பக்கம் காலியாக இருந்தால் பேனா இறங்கவே இறங்காது. கண்ணை மூடியது சித்தர்தானே, பேனா இல்லையே.

அந்த டிக்குக்குக் 'குறி' என்று பெயர் வைத்தார்கள். "அந்தக் காலத்துல குறி சொன்னாங்க, அய்யா குறி போடறாரு. வினாத்தாள்லயும் 'சரியான விடையைக் குறி'ன்னுதான் இருக்கு. எப்படிப் பொருந்துது பாருங்க" என்று ஓர் இலக்கியப் பட்டதாரி என் கடை வாசலில் நின்று புல்லரித்தார். 'பொருந்தாததைக் குறி' என்றுகூடத்தான் வினாத்தாளில் இருக்கும். அதை அவர் வசதியாக மறந்துவிட்டார்.

சித்தர் மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் முடி வளர்க்கும் தைலம் விற்றார். அவர் தலை அப்போதும் இப்போதும் கழுவிக் கவிழ்த்த சட்டி. பிறகு தொலைந்துபோன சாமான் எங்கே இருக்கிறது என்று சொன்னார். அவருடைய சொந்த ஸ்கூட்டர் தொலைந்த அன்று அந்தத் தொழிலும் தொலைந்தது. இப்போது வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, பக்கத்தில் மைக் பிடிக்க மனைவியின் தம்பி. அவனை ஊரே 'மைக் மச்சான்' என்றது.

சித்தரிடம் இரண்டு கட்டளைகள் இருந்தன. மைக் மச்சான் அவற்றை மணிக்கொரு தரம் சொல்லுவான்.

"உங்க குறிய வேற யாருக்கும் காட்டக்கூடாது. பிறத்தியார் கண்ணு பட்டா குறி கலைஞ்சிடும். குறிக்காத செய்திய நீங்க படிக்கக்கூடாது. படிச்சா குறிச்சது மறந்துடும்."

முதல் கட்டளைக்கு அவன் தொண்டை கிழியக் கத்தியிருக்கவே வேண்டாம். போட்டித் தேர்வு எழுதுகிறவன் பேனா மூடியைக்கூடப் பக்கத்து நாற்காலிக்காரனுக்குக் காட்டமாட்டான். எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்டால், "எங்கங்க, தூங்கிட்டேன்" என்பான். இருக்கிற இடம் நூறு, எழுதுகிறவர்கள் பத்தாயிரம். பக்கத்திலிருப்பவன் தேறினால் நான் தேறமாட்டேன் என்று பழகிய மனசு. அந்த மனசுதான் சித்தரின் முதல். நடுப்பக்கத்து நோட்டெல்லாம் அதற்கு வட்டி.

போன தேர்வில் ஆறு கேள்வி பலித்ததாம். பலித்தவரை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். 'ஆறு கேள்வி அண்ணன்' என்றே அவருக்குப் பெயராகிவிட்டது. வாராவாரம் வருவார். "அய்யா குறிச்ச இருபத்துநாலுல ஆறு, அப்படியே, வார்த்தை மாறாம" என்று சொல்லிக் கண்ணைத் துடைப்பார். கூட்டம் சேர்ந்து கண்ணைத் துடைக்கும். ஆறு பலித்தும் அவர் ஏன் இன்னும் வேலைக்குப் போகாமல் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இவ்வளவும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, வரிசையில் என் அக்காவைப் பார்க்கும் வரை.

அக்கா ஆறு வருஷமாக இந்தத் தேர்வை எழுதுகிறாள். ஒரு குளிர்பானக் கம்பெனிக் கிடங்கில் காலை ஷிஃப்ட், மதியத்துக்குமேல் பொது நூலகத்தின் வாசிப்பு அறை. மாதப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிப்பாள். பிழை திருத்தம் என்று பொடி எழுத்தில் ஒரு சீட்டு உள்ளே வைத்திருப்பார்கள். எல்லாரும் அதில் கை துடைப்பார்கள், அவள் மட்டும் வெட்டி, அந்தந்தச் செய்தியின் மேலேயே பசை தடவி ஒட்டுவாள். அப்படிப்பட்டவள். போன தடவை ஒன்றரை மதிப்பெண்ணில் போனது. இந்தத் தேர்வோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது. அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. அப்புறம் ஆயுசுக்கும் கிடங்குதான், காலி பாட்டில் எண்ணுவதுதான்.

வீட்டில் புத்தகத்தைத் துணிப் பையில் சுற்றி, பையைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள்.

"அக்கா, மத்ததெல்லாம் படிச்சிட்டியா?"

"எது?"

"குறிக்காதது. இருநூத்தி அறுபத்திநாலு."

"படிக்கக்கூடாதுடி."

"நீயா பேசற?"

"ஆறு வருஷம் முழுசாப் படிச்சேன். என்ன கிழிச்சேன்? ஒன்றரை மார்க்கு. அது படிப்புல போகல, என் கெட்ட நேரத்துல போச்சு. உனக்கு என்ன தெரியும், நீ இன்னும் ஒரு தடவகூட எழுதல."

அம்மா நடுவே வந்தாள். "விடுடி. அவளுக்கு ஒரு தைரியம். அதையும் புடுங்காத."

தைரியம்தான். நீந்தத் தெரிந்தவள் கையைக் காலைக் கட்டிக்கொண்டு, ஒருவர் கரையிலிருந்து கைகாட்டுகிறார் என்று ஆற்றில் குதிக்கிற தைரியம்.

மறுநாளிலிருந்து கடையில் வேறொரு கூத்து ஆரம்பித்தது. புத்தகத்தை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, குறி விழுந்த பக்கங்களை மட்டும் வேலைக்கு எடுத்துப்போகலாம் என்று சித்தர் சலுகை கொடுத்திருந்தார். ஆகவே ஜெராக்ஸ். ஒவ்வொருத்தராக வந்து கவுண்டரில் குனிந்து, கடத்தல் சரக்கு மாதிரி புத்தகத்தை நீட்டுவார்கள்.

"பாக்காம எடுங்க."

"பாக்காம எப்படிங்க எடுக்கறது? தலைகீழா வந்தா?"

"பாருங்க, ஆனா டிக்கப் பாக்காதீங்க."

"சரி."

"இந்தச் செகப்பு கறுப்பா வருமே, கறுப்பா வந்தா பலிக்குமா?"

கடை முதலாளி அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "கலர்ல எடுங்க. கறுப்புல எடுத்து ஒருத்தருக்குப் பலிக்காமப் போச்சுன்னு கேள்வி." எங்கே கேள்விப்பட்டார் என்று கேட்காதீர்கள். அந்த நொடியில்தான் கேள்விப்பட்டார். கலர் தாள் அன்று மத்தியானமே தீர்ந்துபோனது.

டிக்கைப் பார்க்காதே என்றால் கண் வேறெங்கே போகும். முதல் புத்தகத்தில் மூன்றாம் செய்தி, பதினேழு, இருபத்தாறு. இரண்டாவதில் எட்டு, பத்தொன்பது, இருபத்தொன்று. மூன்றாவதில் வேறு. நாலாவதில் அதற்கும் வேறு. நான் என் புத்தகத்தைக் கவுண்டருக்கு அடியில் விரித்து வைத்துக்கொண்டேன். யார் பெயரும் எழுதவில்லை. எந்தச் செய்திக்கு டிக் கண்டாலும் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. சனிக்கிழமைக்குள் நாற்பத்தோரு பேர் வந்து போனார்கள். எண்ணிப் பார்த்தேன். இருநூற்று எண்பத்தெட்டில் கோடு விழாத செய்திகள் எட்டே எட்டு.

அன்று சாயங்காலம் அக்கா முன்னால் புத்தகத்தைப் போட்டேன்.

"பாரு. நாப்பத்தோரு பேர். கிட்டத்தட்ட முழுப் புத்தகத்தையும் குறிச்சிருக்காரு. தேர்வுல எது வந்தாலும் யாருக்காவது விழும். விழுந்தவன மேடையில ஏத்துவாரு. விழாதவன் வீட்டுல மூஞ்சிய மூடிக்குவான். அவ்வளவுதான் வித்தை."

அக்கா கோடுகளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ மத்தவங்க குறியெல்லாம் பாத்திருக்க."

"ஆமா."

"அப்ப என்னோடதும் பாத்திருப்ப."

"நேத்து பையத் திறந்து பாத்தேன். அதுக்கென்ன?"

அவள் எழுந்து தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். நேராகச் சித்தரிடம் போனாள். தங்கை கண் பட்டுவிட்டது என்று அழுதாள். சித்தர் மன்னித்தார். புதுப் புத்தகம், புதுக் காணிக்கை, புது இருபத்துநாலு.

திரும்பி வந்தவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "பழைய குறியும் புதுக் குறியும் ஒண்ணா?"

"ரெண்டு ஒண்ணு. மத்ததெல்லாம் வேற."

"ஒரே ஆளு. ஒரே தேர்வு. ஆறு நாள்ல கேள்வி மாறிடுச்சா?"

"பழசு கலைஞ்சு போச்சுல்ல, அதான்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கண்ணெதிரே நிரூபணம் நிற்கிறது. அதற்கே ஒரு நாற்காலி போட்டு, அதுவும் அய்யாவின் மகிமைதான் என்று உட்காரவைக்கிறாள். சாதாரண ஆள் இல்லை, கணக்கில் பட்டம் வாங்கியவள். அறிவு இல்லாமல் ஏமாறுகிறவனுக்குப் பாடம் சொல்லலாம். பயத்தில் ஏமாறுகிறவளுக்கு எதைச் சொல்வது? நாளையிலிருந்து எண்ணினால் தேர்வுக்கு ஒன்பது நாள். ஒரு நாளைக்கு முப்பத்திரண்டு செய்தி படித்தால் முழுப் புத்தகமும் முடியும். இன்னும் ஒரு நாள் தள்ளினால் முப்பத்தாறு. ஒவ்வொரு நாளும் அவள் தலையணைக்குள் போய்க்கொண்டிருந்தது.

தனியாகச் சொல்லி ஆகாது. காட்டக்கூடாது என்ற கட்டளையில் இருக்கிறது பூட்டு. எல்லாரும் ஒரே இடத்தில் புத்தகத்தைத் திறந்தால்தான் அது உடையும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேர்வுக்கு முன் கடைசிக் கூட்டம். மண்டபத்தில் அறுநூறு பேர். அறுநூறு மடியிலும் அறுநூறு புத்தகம், மேலே கைக்குட்டை போட்டு மூடியது. அக்கா மூன்றாவது வரிசையில் இருந்தாள். ஆறு கேள்வி அண்ணன் அழுது முடித்ததும் மைக் மச்சான் கேட்டான்.

"வேற யாராவது அய்யா மகிமையப் பத்திச் சொல்லணுமா?"

நான் கை தூக்கினேன். "அய்யா குறியோட மகிமைய நான் கண்ணாலயே பாத்திருக்கேன். அதப் பத்திச் சொல்லணும்."

பக்தை என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டான். பாவம்.

"அய்யா, ஒரு சந்தேகம். தேர்வு அன்னிக்கு எல்லாருக்கும் ஒரே வினாத்தாளா, ஆளுக்கு ஒண்ணா?"

சித்தர் கண்ணைத் திறக்காமல் சிரித்தார். "ஒரே வினாத்தாள்தாம்மா."

"நீங்க அந்த வினாத்தாளத்தான் ஞானக்கண்ணால பாக்கறீங்க?"

"பேனா பாக்குது. நான் ஒரு கருவி."

"நல்லது. ஒரே வினாத்தாளப் பாத்துக் குறிச்சா எல்லார் புத்தகத்துலயும் ஒரே குறிதானே இருக்கணும்?"

சித்தரின் ஒரு கண் மட்டும் திறந்தது. "அவங்கவங்க விதிக்குத் தகுந்த மாதிரி குறி மாறும்."

"வினாத்தாள அச்சடிக்கறப்போ எங்க அக்கா விதியக் கேட்டுக்கிட்டா அடிக்கறாங்க?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்ததற்குப் பயந்து உடனே நிறுத்தினார்கள். நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுவோம். நான் நம்பர் சொல்றேன். அந்தச் செய்தியில குறி இருக்கறவங்க 'இருக்கு'ன்னு சொல்லுங்க. ஒண்ணாம் நம்பர்?"

எல்லாரும் மடியிலிருந்த கைக்குட்டையை இன்னும் இழுத்து மூடினார்கள்.

"குறி கலைஞ்சிடும், வாயத் திறக்காதீங்க" என்றான் மச்சான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், தயங்கித் தயங்கி வந்தது. "எனக்கு இருக்கு."

உடனே இன்னொன்று. "எனக்கும்." அதோடு இன்னும் முப்பது, நாற்பது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது பேராசை. ஒன்றாம் செய்தியில் குறி இல்லாதவர்கள் அவசர அவசரமாகப் பேனாவை எடுத்து, தங்கள் புத்தகத்தில் அதற்கு டிக் போட ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருப்பவனுக்கு இருக்கிறது, எனக்கு இல்லையே.

"ரெண்டு?"

"இருக்கு."

"மூணு?"

"இருக்கு, இருக்கு."

"கொஞ்சம் மெதுவாங்க, குறிச்சுக்கறோம்ல" என்றார் இலக்கியப் பட்டதாரி.

வருகைப் பதிவேடு படிப்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. கைக்குட்டைகள் எல்லாம் தரையில். பத்தாம் பக்கம் வந்தபோது மச்சான் மைக்கை அணைத்தான். அறுநூறு பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள்.

"மைக்க ஏன்யா ஆஃப் பண்ற? அறுபது வரைக்கும்தான் எழுதியிருக்கேன்."

"போடுய்யா."

அவன் பயந்துபோய் மறுபடி போட்டான். சித்தரின் கதையை அவருடைய மைக்கிலேயே, அவருடைய பக்தர்களே, அவருடைய மச்சானை மிரட்டி முடித்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்கிறோம் என்று அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நூறு தாண்டியது. நூற்று இருபது. நூற்று நாற்பது. விடுபட்ட எண் என்று ஒன்றுகூட இல்லை.

"நூத்தி நாப்பத்தாறு?"

"இருக்கு."

"நூத்தி நாப்பத்தேழ விடுங்க. அது ரத்தான செய்தி. ஏதோ பாலம் திறந்தாச்சுன்னு போட்டிருந்தாங்க, அடிக்கல்தான் நட்டிருக்காங்களாம். உள்ள திருத்தச் சீட்டு இருக்கும். நூத்தி நாப்பத்தெட்டு?"

மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்தாள். அக்கா.

"நூத்தி நாப்பத்தேழு எனக்கு இருக்கு."

மண்டபம் திரும்பிப் பார்த்தது. அவள் புத்தகத்தை விரித்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தாள். புதுப் புத்தகத்திலும், சித்தரிடம் நீட்டும் முன்பே, வழக்கம்போல் திருத்தச் சீட்டை வெட்டி ஒட்டியிருக்கிறாள். 'இச்செய்தி தவறு, நீக்கப்படுகிறது' என்று அச்சடித்த அந்தச் சீட்டின்மேலேயே, நட்ட நடுவில், சிவப்பாக ஒரு டிக்.

"அய்யா" என்றாள் அக்கா. கிடங்கில் பாட்டில் குறைந்தால் கேட்பாளே, அந்தக் குரல். "நடக்காத விஷயத்துலேருந்து கேள்வி எப்படி வரும்?"

சித்தர் இரண்டு கண்ணையும் திறந்தார். "அது... பேனா..."

"நானும் நேத்துலேருந்து யோசிச்சேன். தவறான செய்தியத்தான் கேப்பாங்களோ, அதுல ஏதோ சூட்சுமம் இருக்கோன்னு. ராத்திரி பூரா உங்களுக்காக நான்தான் காரணம் கண்டுபிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு காரணமாவது சொல்லுங்க."

சித்தர் தண்ணீர் கேட்டார். மச்சான் தண்ணீர் கொண்டுவரப் போனான். அந்தத் தண்ணீர் இன்னும் வரவில்லை.

மீதி நூற்று நாற்பத்தொன்றையும் கூட்டமே கத்தித் தீர்த்தது. நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. இருநூற்று எண்பத்தெட்டுக்கும் 'இருக்கு' வந்த பிறகு, புள்ளியியல் தங்கப் பதக்கம் தன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"எல்லாத்துலயும் டிக் விழுந்துடுச்சே" என்றார்.

"ஆமா."

"அப்ப இதுல எத விடறது?"

எல்லாப் பக்கத்திலும் எல்லாச் செய்திக்கும் டிக் விழுந்த புத்தகத்தை அறுநூறு பேரும் மடியில் வைத்துக்கொண்டு வெறித்தார்கள். கடையிலிருந்து வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ, அதே புத்தகம். கொஞ்சம் அழுக்காகியிருந்தது, அதுதான் வித்தியாசம்.

ஆறு கேள்வி அண்ணன் மேடையிலிருந்தே கேட்டார். "அப்ப எனக்கு ஆறு விழுந்ததே தங்கச்சி, அது பொய்யா?"

"நிஜம்தாண்ணே. அறுநூறு பேரு ஆளுக்கு இருபத்துநாலு டிக் கண்ண மூடிப் போட்டா ரெண்டு மூணு பேருக்கு ஆறு விழும். தங்கப் பதக்கத்தக் கேளுங்க, அவரு படிச்சதே இதத்தான். ஒரு நூறு பேருக்கு ஒண்ணுகூட விழாது. அந்த நூறு பேரும் எங்க? போன தடவ ஒண்ணுகூட விழாதவங்க கை தூக்குங்க."

முதலில் ஒரு கை. நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ். "ஒண்ணுகூட வரல. எங்க வீட்டுக்காரர் புத்தகத்தப் பாத்துட்டாரு, அதனாலன்னு நெனச்சேன். ஒரு மாசம் அவரோட பேசல."

"நான் குறிக்காதது ரெண்டப் படிச்சிட்டேன், அதான்னு நெனச்சேன்" என்றார் இன்னொருவர். அப்புறம் கைகள் எழும்பிக்கொண்டே போயின. ஒவ்வொருவரும் தன் தப்பு என்று நினைத்து, தனித்தனியாக வெட்கப்பட்டு, மறுபடி வரிசையில் வந்து நின்றவர்கள். ஒருவரை ஒருவர் அன்றுதான் பார்த்தார்கள்.

சித்தரைத் தேடினால் நாற்காலியில் சிவப்புப் பேனா மட்டும் கிடந்தது. பின்பக்கப் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் ஞானக்கண்ணின் உதவி இல்லாமலே கண்டுபிடித்திருந்தார். நாலு பேர் துரத்திக்கொண்டு ஓடினார்கள். அக்கா ஓடவில்லை. மண்டபத்து ஜன்னலோரம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பக்கத்தைத் திறந்தாள்.

"வாக்கா, வீட்டுக்குப் போலாம்."

"நீ போ. இன்னிக்கு முப்பத்திரண்டு முடிக்கணும்."

"அழுகை வருதாக்கா?"

"அழுதா மூணு செய்தி போயிடும்டி. போ."

ஒன்பது நாளும் படித்தாள். இருபது கேள்வியில் பதினேழு சரி. தவறிய மூன்றும் அவளாகவே தவறவிட்டவை. யார் கண்ணும் பட்டதனால் இல்லை. நாற்பது நாள் கழித்துப் பட்டியல் வந்தது. அக்காவின் எண் அதில் இருந்தது. அம்மா அந்த எண்ணைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, கால் மணி நேரம் விரலை வைத்துத் தேடி, படித்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நானும் நல்லபடியாகக் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்கப் போனேன். வாசலில் வரிசை. அடுத்த மாதப் புத்தகத்தோடு முப்பது பேர். முதல் ஆளாக நின்றவர் அதே தங்கப் பதக்கம்.

"உங்க அக்காவுக்கு எந்த மெஷின்லங்க ஜெராக்ஸ் எடுத்தீங்க?"

"ஏன்?"

"அதே மெஷின்ல எடுத்துக் குடுங்க. முடிஞ்சா உங்க கையாலேயே."

அக்காவுக்கு நான் ஜெராக்ஸ் எடுக்கவே இல்லை என்றேன். "சும்மா சொல்லாதீங்க" என்று கண்ணடித்தார். முதலாளி அண்ணன் அதற்குள் இடது பக்கத்து மெஷினைத் துடைத்துப் பளபளப்பாக்கி, 'ராசியான மெஷின்' என்று எழுத அட்டை தேடிக்கொண்டிருந்தார். வலது பக்கத்து மெஷின், அதே கம்பெனி, அதே வருஷம், சும்மா நின்றுகொண்டிருந்தது.

அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கி நானே எழுதி ஒட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வந்தால் நீங்களும் படித்துவிட்டுப் போகலாம்.

'இந்த மெஷின் தாளை மட்டுமே நகல் எடுக்கும். மூளைக்கு நகல் கிடையாது. ஒவ்வொருவரும் அசலைக் கையோடு கொண்டு வரவும்.'